சம்பளத்தைக் கேட்காத பெண்

அண்ணன் காய்கறி லோரி ஓட்டத் தொடங்கிய சில மாதங்களிலேயே எங்கள் லைன் வீட்டு வரிசைக்கு முதல் கலர் டிவி வந்தது. மலையடிவாரத்துத் தாப்பா டவுனில் வாங்கி, போர்வை சுற்றி, லோரியின் முன்சீட்டில் குழந்தையைப் போல உட்கார வைத்துக் கொண்டுவந்தான். அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் தகரக் கூரையில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். மலைக்கு நடுவில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் படம் அவ்வளவு எளிதில் வராது. "வருதா? இப்ப வருதா?" என்று மேலிருந்து கத்தினான். "கோடு கோடா வருதுண்ணே" என்று தங்கை நான் கீழிருந்து கத்தினேன். படம் தெளிந்து எல்லாரும் கைதட்டிய நேரத்தில் அவன் லோரிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டில் நான்கு பேரும் வேலைக்குப் போனோம். அம்மாவுக்குக் கொழுந்து வேலை. கையால் கிள்ளிய காலம் போய், தட்டு பொருத்திய பெரிய கத்தரிக்கோலால் செடியின் தலையை வெட்டும் காலம் வந்திருந்தது. நிறுத்துப் பார்த்து எடைக்குத்தான் கூலி. மழை பிடித்துக்கொண்டால் எடையும் போச்சு, கூலியும் போச்சு. அப்பா அதே தோட்டத்தின் தொழிற்சாலையில், இலை காயவைக்கும் மெஷினுக்குச் சூடு கொடுக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். ஷிப்ட் வேலை. மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் வெளியே. நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, பக்கத்து ஊரான கியா பார்மில் தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் சீன முதலாளியின் கடையில் ஸ்ட்ராபெரியும் கோஸும் விற்றுக்கொண்டிருந்தேன். அதே தவுக்கேயிடம்தான் அண்ணனும் லோரி ஓட்டினான். மத்தியானம் கியா பார்மில் கோஸும் தக்காளியும் ஏற்றி, மலையிறங்கி, விடிவதற்குள் கோலாலம்பூர் பசாரில் சேர்க்க வேண்டும்.

அண்ணனின் சம்பளம் எங்கள் லைனில் பெரிய பேச்சு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாங்குவதை அவன் ஒருவனே வாங்கினான். சீசன் நன்றாக இருந்தால் அதற்கு மேலும் வாங்கினான். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணிக்கே அவ்வளவு வராது என்று பேசிக்கொண்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில், வேறு பேச்சு பேசுவதுபோல் ஆரம்பித்து, மகனின் சம்பளத்தில் கொண்டுபோய் முடிப்பது அம்மாவுக்கு வழக்கமாகிவிட்டது.

அப்படிப் பேசியதன் பலன்தான் அந்தச் சம்பந்தம். அம்மாவோடு கொழுந்து வெட்டும் ஓர் அக்கா, மலைப்பாதையில் கீழே இருக்கும் ரிங்லெட் பக்கம் தன் சொந்தத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். பெண் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் உதவித் தாதி. அரசாங்க வேலை. பெண்ணின் அப்பா வெட்டுமர லோரி ஓட்டியவர், இடுப்பு போய் இப்போது வீட்டில் இருக்கிறார்.

"லோரிக்காரர் வீட்டுப் பொண்ணு. லோரிக்காரன் அருமை தெரியும்" என்றார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்சி பிடித்து நான்கு பேரும் ரிங்லெட்டுக்குப் போனோம். அதற்காகவே அண்ணன் ஒரு ட்ரிப்பை வேறொருவனுக்குக் கொடுத்திருந்தான். டாக்சி அணைக்கட்டு ஏரிப் பக்கம் திரும்பும்போதே அவன் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. இறங்கும் முன் அம்மா அவன் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

சாலையோரத்தில் சின்னப் பலகை வீடு. பெண்ணின் அப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. தோட்டத்து மழை, தொழிற்சாலைப் புது மெஷின் என்று பேச்சு கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, எல்லாரும் காத்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"தம்பிக்கு மாசம் என்ன வரும்?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

அப்பா சொன்னார். அந்தத் தொகையைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெருமையான விஷயங்களை அவர் அப்படித்தான் சொல்வார். பெண்ணின் அம்மா கதவோரத்தில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ட்ரிப்பு கூட ஓட்டினா இன்னும் வரும் மாமா" என்றான் அண்ணன்.

"எம்மவளுக்கு அவ்ளோ இல்ல. ஆனா அரசாங்கம் லா. பென்ஷன் இருக்கு."

"ரெண்டு சம்பளமும் சேந்தா வேற என்ன வேணும்?" என்று அம்மா சொன்னார். அவரைப் பொறுத்தவரை பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. தாம்பூலத் தட்டு எங்கே என்பதுபோல் சுற்றிப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினார். காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றிருந்தார். அண்ணனை நேராகப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"சம்பளம் கேட்டுட்டாங்க. நான் வேற ஒண்ணு கேக்கலாமா? வாரத்துல எத்தன மணி நேரம் வேல செய்றீங்க?"

அண்ணன் சிரித்தான். "லோரி வேலைல மணி எல்லாம் பாக்க முடியாதுங்க. சரக்கு இருந்தா ஓட்டணும்."

"சரி, எத்தன நாளு வீட்டுல இருப்பீங்க?"

"அது சீசனப் பொறுத்து."

"சுமாரா சொல்லுங்க."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். அவன் எப்போது வீட்டில் இருந்தான் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். இருந்தான்தான், ஆனால் படுத்திருந்தான்.

பெண்ணின் அப்பா, "என்ன கேள்வி இது? உள்ள போம்மா" என்றார். அந்தப் பெண் போகவில்லை.

"கோவிச்சுக்காதீங்கப்பா. இத உங்களுக்கு வலிக்கணும்னு சொல்லல" என்று அவரிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "எங்கப்பா கொணாந்த காசுலதான் நான் படிச்சேன். ஒரு கொறையும் வெக்கல. ஆனா சின்ன வயசுல எங்கப்பான்னா எனக்குத் தூங்குற ஆளுதான். அவரு எந்திரிச்சு உக்காந்து எங்கிட்ட ஒழுங்காப் பேச ஆரம்பிச்சதே இடுப்பு போனதுக்கு அப்புறந்தான். எனக்கு வரப்போறவர அப்படி அடிபட்டதுக்கு அப்புறம் தெரிஞ்சுக்க வேணாம்னு நெனைக்கிறேன். அவ்ளோதான். யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

பெண்ணின் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் தள்ளி, "சாப்புடுங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது டாக்சியில் அம்மா பொரிந்து தள்ளினார். "எம்புட்டுத் திமிரு! வேல செய்றவன வேலைக்குப் போவாதேன்னா என்ன அர்த்தம்? சம்பாதிக்கிறவன் வீட்டுல ஒக்காந்திருப்பானா?"

"வேலைக்குப் போவாதேன்னு அந்தப் பொண்ணு சொல்லலியே" என்றார் அப்பா.

"வேற என்ன சொன்னாளாம்?"

அண்ணன் அன்று வழி முழுக்கத் தூங்கவில்லை என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

இரண்டு வாரம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், லோரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணன் கடைக்கு வந்தான். மூடுபனி இறங்கி, சுற்றுப்பயணிகள் எல்லாரும் வேனுக்குள் போய்விட்டிருந்தார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தக் கால்குலேட்டர எடு" என்றான்.

"எதுக்கு?"

"எனக்கு மணிக்கு எவ்ளோ விழுதுன்னு பாக்கணும்."

அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சரக்கு ஏற்றும் நேரம், மலையிறங்கும் நேரம், பசாரில் இறக்கும் நேரம். நடுவில் நிறுத்தினான்.

"பசார்ல சும்மா காத்துக்கிட்டு இருக்கிறதையும் சேக்கணுமா? அப்ப நான் வண்டி ஓட்டலியே."

"அப்ப நீ வீட்டுல இருந்தியாண்ணே?"

"இல்ல."

"அப்ப சேக்கணும்."

டயர் பஞ்சரானால் நிற்கும் நேரம், மண் சரிந்து பாதை அடைபட்டால் நிற்கும் நேரம், எல்லாவற்றையும் சுமாராகப் போட்டோம். பிறகு அப்பாவுடையதைத் தட்டினேன். அது சுலபம். அப்பாவின் வேலைக்கு ஆரம்பமும் முடிவும் மணியடித்துத் தெரியும். விடை வந்ததும் நான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறையும் அதேதான். மணிக்கணக்கில் பார்த்தால் அடுப்பு முன்னால் நிற்கும் அப்பாவுக்கு அண்ணனைவிடக் கொஞ்சம் கூடவே விழுந்தது.

அண்ணன் கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான், காதில் வைத்துக்கூட ஆட்டிப் பார்த்தான்.

"அப்ப எனக்குச் சம்பளம் கூட இல்ல" என்றான். "நேரந்தான் கூட."

என்னுடையதையும் போட்டோம். அது இருவரையும்விடக் குறைவு. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, எல்லாரும் லீவில் இருக்கும் நாளெல்லாம்தான் எனக்கு வேலை அதிகம் என்பது அதுவரை எனக்குக் குறையாகத் தோன்றியதே இல்லை.

"அம்மாவோடது?" என்று அவன் கேட்டான்.

"எதுலேருந்து ஆரம்பிக்கிறது? பெரட்டுலேருந்தா, அடுப்பு மூட்டுறதுலேருந்தா?"

அவன் யோசித்தான். விடியுமுன் தண்ணீர் சுட வைத்து, சோறு வடித்து, எங்கள் எல்லாருக்கும் டப்பா கட்டிவிட்டுத்தான் அம்மா காட்டுக்குப் போவார். திரும்பி வந்தால் துணி, மறுபடியும் சோறு. நான் கால்குலேட்டரை அணைத்து வைத்துவிட்டேன். இருவருக்கும் அதைத் தட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்று வீட்டில் நான் இதைச் சொன்னபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப டிவிய நாந்தான் வாங்கியிருக்கணும்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. "மணிக்கணக்கு போட்டா வயிறு நெறையுமா? மாசக் கடைசில கையில எவ்ளோ வருதோ அதான் சம்பளம்" என்றார். அதுவும் பொய்யில்லை. அண்ணன் கொண்டுவந்த பணத்தில்தான் எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு எரிந்தது. விறகுப் புகையில் இருமிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தச் சம்பளத்தின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

அண்ணன் தவுக்கேயிடம் போய், வாரத்துக்கு இரண்டு ட்ரிப் குறைக்க முடியுமா என்று கேட்டான். தவுக்கே கெட்டவர் இல்லை. தோட்டத்துத் தமிழும் மலாயும் கலந்து பேசுவார். "நீ கொறச்சா எனக்கு சூசா லா" என்று தன் கஷ்டத்தைச் சொன்னார். "வேற ஆளு இந்த வளைவுக்குப் பயப்படுறான். நீ ஓட்டு, நான் ட்ரிப்புக்குக் கூடக் குடுக்கிறேன்." உண்மையாகவே நல்ல தொகை ஒன்றைச் சொன்னார். அண்ணன் தடுமாறிப்போனான். அம்மாவுக்குச் செய்தி தெரிந்ததும், "பாத்தியா, உன் அருமை தவுக்கேக்குத் தெரியுது" என்றார். கூட்டிக் கொடுத்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு அண்ணன் ஓட்டினான். ரிங்லெட் சம்பந்தம் அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து காலி லோரியோடு திரும்பியவன், வழக்கம்போல் லோரியைக் கொட்டகையில் விடாமல் நேரே என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். நல்ல வெயில். இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். லோரியின் இடப்பக்கக் கண்ணாடி இல்லை. அந்தப் பக்கம் முழுக்க மண்ணும் பெரணித் தழையும் ஒட்டியிருந்தன.

"என்னாச்சுண்ணே?"

"தூங்கிட்டேன்" என்றான். "ரிங்லெட்டுக்குக் கீழ, ஒரு வளைவுல. எதுக்க வந்தவன் ஹார்ன் அடிச்சதுலதான் முழிச்சேன். நல்ல காலம், மலப் பக்கமா ஒரசிருச்சு."

மலைப் பக்கம் இல்லையென்றால் எந்தப் பக்கம் என்பது எங்கள் பாதையில் போய் வந்த எல்லாருக்கும் தெரியும். நான் அழத் தொடங்கிவிட்டேன். "அழுவாத, கடையில ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே என் கையில் கைக்குட்டையைத் திணித்தான்.

அன்றைக்கே அவன் தவுக்கேயிடம் சொல்லிவிட்டான். மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னான். தவுக்கே உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். வாதாடவில்லை. வேறு டிரைவர் கிடைக்கும்வரை மட்டும் ஓட்டும்படி கேட்டுக்கொண்டார். அந்த நாட்களில் கூடவே இன்னொரு ஆளையும் அனுப்பினார்.

தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் ஓடும் பஸ்ஸுக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆட்களை ஏற்றிச் செல்வதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அண்ணன் அதற்குப் படித்து, பரீட்சை எழுதி, எடுத்துவிட்டான். பாதையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சம்பளம்தான் லோரியில் வாங்கியதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட், வாரத்தில் ஒரு நாள் லீவு.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏறுன சம்பளத்த எறக்கிக்கிட்ட ஆம்பளைய நான் இப்பத்தான் பாக்கிறேன். இனிமே எவன் பொண்ணு குடுப்பான்?" என்று புலம்பினார். மண் ஒட்டிய லோரியைப் பற்றி அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தான். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்மாவைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் சம்பளப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனின் பஸ் சட்டையைத் தானே இஸ்திரி போட ஆரம்பித்தார்.

அண்ணன் ஒரு நாள் என்னிடம், "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமா?" என்றான்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல லா" என்றான். காது வரை சிவந்திருந்தது.

காலை ஷிப்ட் முடியும் நேரத்தில் தானா ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். வெள்ளைச் சட்டையில் அந்த ரிங்லெட் பெண் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் நோயாளியோடு வந்திருக்கிறோம் என்று நினைத்து வேகமாக வந்தார். பிறகு அண்ணனின் சட்டையைப் பார்த்தார்.

"பஸ்ஸா?"

"ஆமா" என்றான் அண்ணன். பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான்: "ஒரு வாரம் காலைல போனா மத்தியானம் வீட்டுல. ஒரு வாரம் மத்தியானம் போனா காலைல வீட்டுல. வாரத்துக்கு ஒரு நாளு லீவு. சம்பளம் கொறவு. முன்ன சொன்னதுல பாதிக்கு மேல கொஞ்சம்தான் வரும். அதையும் சொல்லிடணும்ல."

அவர் சிரித்துவிட்டார். நாங்கள் ரிங்லெட்டில் பார்த்த முகமே இல்லை அது.

"எனக்கும் ஷிப்ட்தான், தெரியும்ல?" என்றார். "காலை, சாயங்காலம், ராத்திரி, மூணும் மாறி மாறி வரும். நீங்க வீட்டுல இருக்கிறப்ப நான் வார்டுல இருப்பேன். நான் வர்றப்ப நீங்க தாப்பாவுல இருப்பீங்க."

அண்ணனுக்கு இது தோன்றவே இல்லை. அவன் முகம் விழுந்த விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"அப்ப... யாரு சமைக்கிறது?" என்று கேட்டான்.

"யாரு வீட்டுல இருக்காங்களோ அவங்க" என்றார் அவர். "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"மெகி நூடுல்ஸ் போடுவேன்."

"சரி. அதுலேருந்து ஆரம்பிக்கலாம்."

எதிரிலிருந்த கடையில் மூன்று பேரும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்தோம். அடுத்த மாத ஷிப்ட் பற்றி அவர்கள் பேசிய பேச்சைக் கேட்டால், கல்யாணம் எப்போதோ முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எந்த வாரம் இருவருக்கும் காலை ஷிப்ட் சேர்ந்து வரும், லீவு நாளை யாரோடு மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் மேசைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேண்டுமென்றே இன்னொரு தே தாரிக் சொன்னேன்.

முறைப்படி பேச மறுபடி ரிங்லெட்டுக்குப் போனபோது பெண்ணின் அப்பாதான் கொஞ்சம் முணுமுணுத்தார். "நல்ல சம்பளம் வாங்குற லோரிக்காரன்னு சொன்னீங்க. பஸ்காரனாக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க" என்றார். ஆனால் அவரே அண்ணனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, இடுப்பு போகாமல் சீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம் ரிங்லெட் கோயிலில் நடந்தது. தவுக்கே ஒரு வேன் நிறையக் காய்கறி அனுப்பியிருந்தார்.

தானா ராத்தாவில் ஒரு கடைக்கு மேல் அவர்கள் வாடகைக்கு அறை எடுத்தார்கள். முதல் முறை அம்மாவோடு நான் அங்கே போனபோது அண்ணி ராத்திரி ஷிப்ட் முடித்து உள்ளே படுத்திருந்தார். அண்ணன் கைலியோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். போய்க் கத்தியைப் பிடுங்கினார். இரண்டு வெங்காயம் வெட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கத்தியை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பொடிசா வெட்டு. இப்படி வெட்டினா வேவாது" என்றார். அன்று அவன் வைத்த சாம்பாரில் உப்பு கூட. அம்மா குறை சொல்லாமல் சாப்பிட்டதோடு, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கொழுந்து நிறைய வரும் காலத்தில் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை கொடுப்பார்கள். கூலி கூட என்பதால் அம்மா அதை விட்டதே இல்லை. அந்த வருஷம் ஒரு ஞாயிறு, கங்காணியிடம், "இன்னிக்கு நான் வரலைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கங்காணி வீடு தேடி வந்து, "ஒடம்பு முடியலியா?" என்று கேட்டார்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மவன் வீட்டுக்குப் போறேன்" என்றார் அம்மா. நல்ல சேலை கட்டிக்கொண்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போனார். பார்க்கில் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு வந்தார்களாம். அதை ஒரு வாரம் லைன் முழுக்கச் சொன்னார்.

என்னைத் துரத்திவிட்டது அண்ணிதான். "மார்க் நல்லாத்தான இருக்கு உனக்கு. ஸ்ட்ராபெரி வித்துக்கிட்டு ஏன் நிக்கிற?" என்று ஒரு நாள் கேட்டார். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை கடைச் சம்பளத்தைவிடக் குறைவு. அதைச் சொன்னேன். வாத்தியார் வேலை அரை நாள் வேலை என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்கிறார்களே, அது மட்டும்தான் நல்லது என்றேன்.

"யாரு சொன்னா அரை நாளுன்னு?" என்றார் அண்ணி. "எங்க வார்டுக்கு ஒரு டீச்சர் வந்திருந்தாங்க. படுத்துக்கிட்டே புள்ளைங்களோட பயிற்சிப் புத்தகம் திருத்துனாங்க. டாக்டர் திட்டித்தான் வாங்கி வெச்சாரு. நேரம் மிச்சம்னு நெனச்சுப் போவாத. புள்ளைங்கள புடிக்கும்னா போ."

எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும். கடைக்கு வரும் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டுவிட்டுத்தான் மீதிக் காசைக் கொடுப்பேன். விண்ணப்பம் போட்டேன். ஈப்போவில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

அன்று காலை தானா ராத்தாவில் பஸ் ஏறினேன். அண்ணன் ஓட்டும் பஸ். அம்மா தைத்துக் கொடுத்த புதுச் சட்டை, கையில் சான்றிதழ் உறை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுப்பவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போனார். அண்ணன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டான்.

"அவகிட்டயும் டிக்கெட் குடுங்கண்ணே. தங்கச்சியா இருந்தா என்ன?" என்றான்.

"இண்டர்வியூக்குப் போறவகிட்டயா?" என்றார் அவர்.

"வேல கெடச்சு நம்மளவிடக் கூட வாங்கப் போறா. இப்பவே வாங்கிக்குங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டிக்கெட் எடுத்தேன். ரிங்லெட்டில் மார்க்கெட்டுக்குப் போகும் ஆட்களும், தாப்பா பள்ளிக்குப் போகும் இரண்டு மலாய்ப் பெண்களும் ஏறினார்கள். அண்ணன் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டு ஓட்டினான். ஒரு கிழவருக்காக நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றான். கீழே இறங்க இறங்கப் பனி விலகி, சட்டைக்குள் வேர்க்கத் தொடங்கியது. நான் பதில்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தாப்பாவில் இறங்கியதும் ஈப்போ பஸ் நிற்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டினான். "பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்."

"எனக்கும் லைசென்ஸ் பரீட்சையப்ப பயந்தான். எழுத எழுதச் சரியாப் போச்சு" என்றான். அதற்குள் மலையேறும் ஆட்கள் பஸ்ஸைச் சுற்றி வந்துவிட்டார்கள். குழந்தையோடு நின்ற ஓர் அம்மாளின் கூடையை வாங்கி உள்ளே வைத்தான். நான் ஈப்போ பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பெட்டியோடு கிளம்பினேன்.